ஆகஸ்ட் நடுவில் மூன்று நாள் புதுச்சேரி: மஞ்சள் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சுதந்திர தின விடுமுறையை ஒட்டி மூன்று நாள், கூடவே முழங்கால் வலியுள்ள அப்பா, மனைவி, பத்து வயது மகள். பாண்டியில் எதையெல்லாம் பார்க்கலாம், அந்த நாட்களில் ஊருக்குள் ஏதாவது நடக்குமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுப்பதைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்." உண்மையில் நீங்கள் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். மஞ்சள் சுவர்கள் நிற்கும் அந்த நாலு பிரெஞ்சுத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறதா, அதை வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு பார்க்க முடியுமா? முடியும். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் தேதிகளும் தற்செயலாக மிக நல்ல தேதிகள்.

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். இந்த ஊரின் சுண்ணாம்புச் சுவர்களோடு பல வருடப் பழக்கம். வெளியூர்க்காரர்களை வீதிவீதியாக அழைத்துப்போய்க் காட்டுவதும் உண்டு. அதனால் வீடுகள், தெருக்கள், கோவில் விழாக்கள் பற்றி உறுதியாகப் பேச முடியும். கடலைப் பற்றிச் சொல்லப்போவது இங்கேயே வாழ்கிறவன் பார்த்ததும் படித்ததும். நுழைவுக் கட்டணம், திறக்கும் நேரம் போன்றவை அடிக்கடி மாறும், அவற்றைக் கிளம்புவதற்கு முந்தின நாள் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரின் அமைப்பு. வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்கரைப் பக்கம் இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் வசித்த பகுதி. மேற்கே இருப்பது தமிழர் பகுதி. கட்டம் போட்டது மாதிரி நேர்நேராகப் போகும் தெருக்களைப் பார்த்தவுடன் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டுவார்கள். ஆனால் அந்தத் தெரு வரைபடத்தின் அடிப்படை டச்சுக்காரர்கள் போட்டது. 1693இல் அவர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். அடுத்து இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்கு ஊர் போனபோது கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1765இல் திரும்பக் கிடைத்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். அதனால் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றைக் காட்டி "இது துய்ப்ளேக்ஸ் காலத்து வீடு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளேக்ஸ் 1754லேயே ஊரை விட்டுப் போய்விட்டார். நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கட்டடங்கள் அதற்குப் பின்னால் வந்தவை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியிலிருந்து. கல்வே சுப்பராய செட்டியார் வீதி என்று பலகையில் இருக்கும், ஆட்டோக்காரரிடம் வைசியாள் வீதி என்றே சொல்லுங்கள். காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் நல்லது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், வண்டி நடமாட்டம் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. இந்தத் தெருவின் ஒரு பகுதியில் வீடுகளின் முகப்பை வரிசையாகப் பழைய முறையிலேயே சீரமைத்தார்கள். 2008இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

ஒரு வீட்டை நின்று பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. அதுதான் தாழ்வாரம். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வீட்டுக்காரர் விட்ட இடம். அதற்கு உள்ளே அரை ஆள் உயரத்தில் திண்ணை. அதைத் தாண்டிச் சித்திர வேலை செய்த கதவு, உள்ளே முற்றம். இதெல்லாம் தமிழ்நாட்டில் எங்கும் உள்ளதுதான். இப்போது தலையை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள். அங்கே வளைவான சன்னல்கள், சாய்வுச் சட்டம் வைத்த மரக்கதவுகள், சுவரோடு ஒட்டிய பொய்த்தூண்கள், மேலே கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பில் செய்த பூ வேலை. தரைத்தளம் தமிழ் வீடு, மாடி பிரெஞ்சு வீடு. இந்தச் சேர்க்கையை இத்தனை நெருக்கமாக, தெரு தெருவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களைவிட எனக்கு இதுதான் புதுச்சேரி. வெள்ளைக்காரர் பகுதியில் உயர்ந்த மதில் எழுப்பி வீட்டைத் தெருவிலிருந்து மறைத்துக்கொள்வார்கள். இங்கே வீடே தெருவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

உங்கள் மகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள். சுவரின் அடிப்பகுதியைப் பார்த்து, இது சுண்ணாம்பா சிமெண்டா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பை நீரில் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சுவர் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், பார்த்தால் மங்கலாக மின்னும். கடற்கரை ஊரில் செங்கல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பி உதிர்ந்திருக்கும் சுவரைப் பார்த்தால் பெரும்பாலும் பழைய வீட்டுக்குச் சிமெண்ட் பூசிய கதைதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வீடுகள் வருடாவருடம் குறைந்துகொண்டே வருகின்றன. சொத்துப் பிரிவினை, மராமத்துச் செலவு, நல்ல கொத்தனார் கிடைக்காதது என்று பல காரணங்கள். அரசுக் கட்டடத்துக்கே அந்த கதி வந்தது. கடற்கரைச் சாலையில் வெள்ளையாகத் தெரியும் மேரி கட்டடம், அதாவது பழைய நகர்மன்றம், 1870களைச் சேர்ந்தது. 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. இன்று அதே இடத்தில் நீங்கள் பார்ப்பது, பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பழைய கட்டடத்தின் மரப்படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு அது வேறு கட்டடம்தான்.

தமிழர் பகுதியில் இன்னொரு வீடு, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, அரிசி விலை, நவாபுகளின் பேரம், கவர்னர் மனைவியின் கோபம், அக்கம்பக்கத்துச் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. 1748இல் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதையும் மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் அவர் இறந்துபோனார். மாளிகையின் கீழ்த்தளத்தில் மரத்தூண்கள், மாடியில் ஐரோப்பிய பாணித் தூண்கள். தனியார் சொத்து என்பதால் எப்போதும் உள்ளே விடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அப்படியே மார்க்கெட்டுக்குள் நுழைந்து மீன் பகுதி வரைக்கும் போய்வரலாம். அப்பாவுக்கு அந்த ஈரத்தரை வேண்டாம், வழுக்கும்.

வாய்க்காலுக்கு மேற்கே தெற்குப் பக்கமாகப் போனால் முல்லா வீதி, காஜியார் வீதி என்று முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் தெருக்கள் வரும். மிஷன் வீதியில் 1791இல் கட்டிய சம்பா கோவில் என்ற தேவாலயம். தெற்கு பூல்வாரில், ரயில் நிலையத்துக்கு அருகில், சிவப்பும் வெள்ளையுமாக 1907இல் கட்டிய இருதய ஆண்டவர் பசிலிக்கா. கடற்கரைப் பக்கம் துமாஸ் வீதியில் கப்ஸ் கோவில், 1855ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே சுவர்களைப் பாருங்கள், நான் சொன்ன முட்டைக்கரு மெருகை அங்கே நன்றாகக் காணலாம். கப்ஸ் கோவிலில் பிரெஞ்சிலும் திருப்பலி நடக்கும். நீங்கள் வரும் ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு விழா என்பதால் எல்லாத் தேவாலயங்களிலும் அன்று கூட்டம் இருக்கும்.

வெள்ளைக்காரர் பகுதிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சனி ஞாயிறு மாலையில் போகாதீர்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்களால் அந்தச் சின்னத் தெருக்கள் திணறும், ஒரு படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதே தெருக்களில் காலை ஏழு மணிக்குக் காகிதப்பூ உதிர்ந்து கிடக்கும், அரவிந்தர் ஆசிரமத்துக்காரர்கள் சைக்கிளில் போவார்கள், அவ்வளவுதான். அங்கே வசிப்பவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்த விஷயத்தில் அவர்கள் நொந்துபோயிருக்கிறார்கள்.

மணக்குள விநாயகர் கோவில் அதே பகுதியில்தான். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே உள்ள கோவில், பாரதி பாடிய விநாயகர். லட்சுமி யானை பற்றி மகளுக்கு யாராவது சொல்லியிருந்தால் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது அது இறந்துவிட்டது. ஊரே அழுத நாள் அது. மக்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இப்போது கடல். "பீச்சில் மணலே இல்லையாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் உட்பட வருடத்தின் பெரும்பகுதி வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் குவிந்தது. நகரத்தின் முன்னால் இருந்த மணற்கரை கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டுப் போனது. ஊரைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். நீங்கள் படங்களில் பார்க்கும் கற்கரை அப்படி வந்ததுதான். கல்லைக் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, ஆனால் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் கிராமங்கள் வலை உலர்த்தும் இடத்தையும் வீடுகளையும் இழந்தார்கள். புதுச்சேரி கடற்கரையின் அழகைப் பேசும்போது அந்த கிராமங்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2018 வாக்கில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது. அதற்குப் பிறகு காந்தி சிலைக்கு வடக்கே மணல் திரும்ப வந்து சேர்ந்தது. என் தலைமுறை இழந்த மணலில் இப்போதைய குழந்தைகள் ஓடுவதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. எல்லா இடத்துக்கும் இதே வழி பலன் தருமா என்பது கடலியல் படித்தவர்கள் சொல்ல வேண்டியது. மணல் அகலம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மணல் இருக்கிறது என்பதற்காகக் கடலில் இறங்க வேண்டாம். நகரக் கடற்கரை குளிப்பதற்கான இடம் இல்லை. கல்லும் இழுப்பும் ஆபத்தானவை, போலீஸ் விசில் அடிப்பது உங்கள் நல்லதுக்குத்தான். சுண்ணாம்பாற்றில் படகு ஏறிப் போகிற பாரடைஸ் பீச்சிலும் சில அடியிலேயே பள்ளம் வரும். விடுமுறை நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள் மூழ்கிய செய்தி இந்த ஊரில் ஒவ்வொரு வருடமும் வருகிறது. மகளைக் கணுக்கால் நனைய விடுங்கள், கையை விடாதீர்கள். பாதுகாப்பாக, சுத்தமாக ஒரு கரை வேண்டுமென்றால் சின்ன வீராம்பட்டினத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற ஈடன் கடற்கரை இருக்கிறது. அங்கேயும் காவலர்கள் சொல்கிற எல்லைக்குள்தான்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். அதனால் அப்பா நிதானமாக நடக்கலாம், உட்காரக் கட்டைச்சுவர் நெடுகிலும் உண்டு. 1836 ஜூலை 1 அன்று முதலில் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, போர் நினைவகம் எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது, அதன் கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம். அதற்குப் பதிலாகத் தெற்கே 1962இல் கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்துவிட்டது.

உங்கள் தேதிகளுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 நாடு முழுவதுக்கும் சுதந்திர தினம். இந்த ஊருக்கு அது ஸ்ரீ அரவிந்தரின் பிறந்த நாளும்கூட. ஆசிரமத்தில் வருடத்தில் சில நாட்கள்தான் தரிசன நாட்கள்: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை முக்கியமானவை. அன்று அவர் வாழ்ந்த அறையைப் பார்க்க விடுவார்கள். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள், விடியுமுன்பே ஆசிரமத்தைச் சுற்றி வரிசை நீளும். அப்பாவை அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. முந்தின நாளோ மறுநாளோ சமாதியை அமைதியாகப் பார்த்துவரலாம். மரநிழலில் பூக்களால் அலங்கரித்த சமாதி, பேச்சே இருக்காது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளை விடமாட்டார்கள், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. விடுதி அறையை இப்போதே பதிவு செய்யுங்கள், அந்த வாரம் கிடைப்பது கஷ்டம்.

மறுநாள் ஆகஸ்ட் 16. வெளியூர்க்காரர் பலருக்கும் இந்த நாள் தெரியாது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த நாளில் கீழூர் நினைவுத் தூணில் கொடியேற்றி, தியாகிகளை அழைத்துக் கௌரவிப்பார்கள். நகரத்திலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வழியெல்லாம் வயல். நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் பெண்ணுக்கு வரலாறு என்பது ஒரு வயற்காட்டு ஊரிலும் நடக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் நான் மிகவும் விரும்புவது, வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். ஆடி மாதம் முதல் வெள்ளியிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வெள்ளிக்கிழமை தேரோட்டம், சில வருடங்களில் அது ஆவணி பிறந்த பிறகு விழும். பெரும்பாலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டியே வரும். காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள், உங்கள் மூன்று நாளுக்குள் வந்தால் மற்றதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு அங்கே போங்கள். பிரெஞ்சு கவர்னர்கள் காலத்திலிருந்தே ஆட்சியாளர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம், இன்றைக்கும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் தொடுகிறார்கள். மீனவர் ஒருவரின் வலையில் சிக்கிய மரக்கட்டையிலிருந்து அம்மன் வெளிப்பட்டதாகத் தலவரலாறு. அதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்டால் கிடையாது, ஆனால் ஊர் முழுக்க அதை நம்புகிறது. தேர் நகரும்போது சக்கரத்தின் பக்கத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனியுங்கள். இத்தனை டன் எடையை, ஆயிரம் பேர் இழுக்கும் வேகத்தை, கையிலிருக்கும் ஒரு மரத்துண்டை எந்த நொடியில் எந்தச் சாய்வில் வைப்பது என்ற கணக்கை வைத்தே திருப்புவார்கள். பாராட்டெல்லாம் வடம் பிடித்தவர்களுக்குப் போகும், தேர் திரும்புவது இவர்கள் கையால்தான். அப்பாவுக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கேளுங்கள், இல்லை என்று சொல்லமாட்டார்கள். காலை ஏழுக்குள் போய்ச் சேருங்கள், பிறகு வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

வேறு மாதங்களில் வர நேர்ந்தால்: மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத்து உற்சவர்கள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருவார்கள், அது பார்க்க வேண்டிய காட்சி. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள், போர் நினைவகத்தில் மாலை வைத்து இரண்டு நாட்டுக் கீதங்களும் பாடுவார்கள். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். ஈஸ்டர் முடிந்ததும் வில்லியனூர் மாதா திருவிழா. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், 2011 தானே, 2024 ஃபெஞ்சல் புயல்களை மறக்க முடியாது, அப்போது திட்டம் போடாதீர்கள்.

பாரதியின் வீட்டை விட்டுவிடக் கூடாது. 1908 முதல் 1918 வரை பத்து வருடம் அவர் இங்கே இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் அவர் குடியிருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம், அப்பாவுக்கும் சிரமமில்லை. குயில் பாட்டுக்கு வித்திட்ட தோப்பு முத்தியால்பேட்டையில் இருந்தது. பிரிட்டிஷ் வாரண்டுக்குத் தப்பி வந்த ஒருவர் ஒற்றர்கள் தெருமுனையில் நின்றுகொண்டிருக்க இத்தனை எழுதினார் என்பதை அந்தச் சின்ன முற்றத்தில் நின்று நினைத்துப் பாருங்கள்.

அரிக்கமேட்டுக்கு நேரே போனால் ஏமாற்றம்தான். ரோமானிய மதுச்சாடிகளும் மணிகளும் கிடைத்த, 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த புகழ்பெற்ற இடம். ஆனால் குழிகளை மூடிவிட்டார்கள். இப்போது நிற்கும் இடிந்த சுவர்கள் ரோமானியருடையவை இல்லை, 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். முதலில் செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் சாடித் துண்டுகளையும் மணிகளையும் பாருங்கள். திங்கள்கிழமை மூடியிருக்கும். பிறகு நேரமிருந்தால் அரிக்கமேட்டுக்குப் போய் ஆற்றங்கரையில் நில்லுங்கள், கப்பல் ஏன் அங்கே ஒதுங்கியது என்பது புரியும்.

அருங்காட்சியகத்துக்கு எதிரே இருக்கும் பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். கிருஷ்ணதேவராயர் கோவில் என்று நினைத்து ஒரு தாசியின் மாளிகையை வணங்கிவிட, அவமானத்தில் அதை இடிக்கச் சொல்ல, அவளே இடித்துக் குளம் வெட்டினாள் என்று. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததும், அதன் நினைவாக மண்டபம் எழுந்ததும் உறுதியானவை. ராயர் கதை செவிவழி வந்தது. கதையாகவே சொல்லுங்கள், மகளுக்குப் பிடிக்கும்.

ஆரோவில் பற்றிச் சுருக்கமாக. அங்கே இருக்கும் தியான மண்டபமான மாத்ரி மந்திரைத் தூரத்திலிருந்து பார்க்க வருகையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அது தியானத்துக்கான இடம், பத்து வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் அசையாமல் உட்காருவது கஷ்டம். அந்த அரை நாளைத் திருவக்கரைக்குக் கொடுங்கள் என்பேன். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, வளையங்களைக்கூடப் பார்க்கலாம். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோவில்.

சாப்பாட்டுக்குக் கடற்கரைப் பக்கத்து விலை கொடுக்க வேண்டியதில்லை. நேரு வீதி, காந்தி வீதிப் பக்கம் நல்ல மெஸ்கள் உண்டு. இந்தோசீனாவில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த சாயோ, உள்ளே கறியோ இறாலோ வைத்துச் சுருட்டிப் பொரித்தது, சில கடைகளில் கிடைக்கும். ரவையும் முந்திரியும் நெய்யும் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக்கும் கேட்டுப் பாருங்கள், கிறிஸ்துமஸ் காலத்தில்தான் சுலபமாகக் கிடைக்கும். அதில் ரம் சேர்ப்பார்கள், மகளுக்குக் கொடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறாக இருந்தால் காந்தி வீதி ஞாயிறு சந்தை, பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு நல்ல இடம்.

கடைசியாக அப்பாவுக்காக ஒரு கணக்கு. ஆகஸ்ட் வெயிலில் காலை பத்தரைக்கு மேல் மாலை நாலரை வரை வெளியே எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும், சில நாள் மாலையில் இடியோடு மழையும் வரும், குடை இருக்கட்டும். காலை நாலு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் என்று மூன்று நாளைப் பிரித்தால் மேலே சொன்னதில் பாதியைத்தான் பார்க்க முடியும். தேர் இருந்தால் தேர், கீழூர், வைசியாள் வீதி, பாரதி வீடு, கடற்கரை மாலை நடை, இந்த ஐந்துக்கு முதலிடம் கொடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள். காரில் வந்தால் தங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். வரும் தேதி உறுதியானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வருடத் தேர் எந்த வெள்ளி என்று கோவிலில் கேட்டுச் சொல்கிறேன்.